தொட்டிலருகே இரண்டு வழக்கங்கள்



அழுகிற குழந்தையை நீங்கள் எவ்விதம் அமர்த்துகிறீர்கள்? இச்சிறு கேள்விக்குப் பின்னே நீண்ட வரலாறு உண்டு.

1732ஆம் ஆண்டில் சூசன்னாள் வெஸ்லி அம்மையார் தம் மகன் யோவானுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் பிள்ளைகள் ஒரு வயது நிரம்பும்போதே பிரம்புக்கு அஞ்சவும், ஓசையின்றி அழவும் பழக்கப்பட்டதை அதில் விவரிக்கிறார். பிள்ளையின் சுயசித்தத்தை முதலில் வெல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பிராங்கே ஐயரும் அவ்வாறே போதித்தார். அவரிடம் பயின்ற சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, மறு ஆண்டே பள்ளி தொடங்கினார். நம் சேத்தியாத்தோப்புக்குத் தென்கிழக்கே, அதிகத் தொலைவில்லாத கடற்கரை அது.

தமிழ்த் தாயின் தாலாட்டோ வேறு வழி செல்கிறது. அழும் பிள்ளையிடம், அடித்தவர் யார், மாமனா, அத்தையா என்று உறவினரை ஒவ்வொருவராகச் சொல்லி வினவுகிறது. அழுகைக்குக் காரணம் உண்டு, அதைக் கேட்க ஆள் உண்டு என்பதே குழந்தை கற்கும் முதற்பாடம். ஆயினும் நம்மிடமும் கட்டுப்பாடு உண்டு. கண்பட்டுவிடும் என அஞ்சி அருமை மகனுக்குக் 'குப்பன்', 'பிச்சை' எனப் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். தமிழ்க் குடும்பமொன்றுடன் தங்கி ஆராய்ந்த அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் டிராவிக், 1990இல் வெளியான தம் நூலில், அன்பை வெளிக்காட்டாது வைக்கும் இவ்வழக்கத்தை 'அடக்கம்' என்ற நம் சொல்லாலேயே விளக்குகிறார். வெள்ளாற்று அணைக்கட்டை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும்: தேக்கிய நீர் வற்றிய நீரன்று.

இவ்விரு வழக்கங்களும் இன்று நம் வீடுகளில் கலந்துள்ளன. "ஆண்பிள்ளை அழலாமா?" என்று மகனை அதட்டும்போது, அதனை வேதத்தின் கட்டளையென்றே பலர் எண்ணுகிறோம். லாசருவின் கல்லறையருகே நம் ஆண்டவர் பலர் காணக் கண்ணீர் விட்டார். பிள்ளைகள் மனந்தளராதபடி அவர்களைக் கோபப்படுத்த வேண்டாம் என்று பவுல் கொலோசெயரில் தகப்பன்மாருக்கே எழுதுகிறார். அவ்வசனத்தை நாம் அதிகம் வாசிப்பதில்லை.

சூசன்னாள் அம்மையாரைக் கடின நெஞ்சினர் என்று தீர்க்கவும் இயலாது. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, பலரைச் சிசுப்பருவத்திலேயே பறிகொடுத்தவர் அவர். எஞ்சிய பிள்ளைகளுடன் தனித்தனியே உரையாட வாரத்தில் ஒவ்வொரு மாலையை ஒதுக்கினார். யோவானுக்குரியது வியாழன். வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பின்னும், அவ்வியாழன் மாலையில் சிறு பங்கையேனும் மீண்டும் தமக்குத் தரும்படி அவர் தாயாருக்கு எழுதினார்.