முருகைக்கல்லுக்கு என்ன தீன்?

வவுணதீவில் நாங்கள் முருகைக்கல்லைச் சுண்ணாம்பாகத்தான் அறிந்தோம். எழுவான்கரைச் சூளைகளில் வெந்து, வலையிறவு தாண்டிப் படுவான்கரைக்கு வரும். அம்மம்மாவின் வெற்றிலை வட்டாவில் கொஞ்சம், பொங்கலுக்கு முன் சுவரில் மிச்சம். கடலில் அது பவளம், இரை தின்று வளர்ந்த உயிர் என்று எவரும் சொன்னதில்லை. ரொறன்ரோவில் வீட்டுக்குள்ளே பவளத் தொட்டி வைத்திருக்கும் மருமகன், “மாமா, இதுக்கு என்ன தீன் போடுற?” என்று கேட்டபிறகே தேடிப் படித்தேன்.

1928இல் சி. எம். யோங் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புத் திட்டின் லோ தீவுகளில் ஆய்வுக்குழுவோடு இறங்கினார். பவளம் கைகளை விரித்து, மிதந்துவரும் நுண்பிராணிகளைப் பிடித்து விழுங்குவதை அங்கே ஆராய்ந்தார். அது ஊனுண்ணி என்பது அவர் தீர்ப்பு. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசியைக் கழிவகற்றும் துணையாக மட்டுமே கண்டார். பாதிதான் சரி. 1960களில் லெனார்ட் மஸ்கட்டைன் கதிரியக்கக் காபனைக் கொண்டு தடம்பார்த்து, பாசி வெயிலில் ஆக்கும் உணவு பவளத்துக்குப் போவதைக் காட்டினார்.

தொட்டி வளர்ப்பும் அந்தக் காலத்திலேதான் மாறியது. 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிர்க்கல்லும் கடல்நீரும் வெயிலும் காற்றுக்குமிழும் வைத்தே பவளம் வளர்த்த தம் முறையை எழுதினார். பின்னர் பலர் விளக்கு போதும், தீன் வேண்டாம் என்று மறுகரைக்கே போய்விட்டார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். பாசி தருவது பெரும்பாலும் சக்தி. உடம்பு கட்டத் தேவையான நைதரசனும் பொசுபரசும் இரையிலும் வரவேண்டும். பாசியே இல்லாத செம்மஞ்சள் சூரியப் பவளமோ, தீன் போடாவிட்டால் செத்துப்போகும்.

1998இல் கடல் சூடேறியபோது எங்கள் பாசிக்குடாவின் பவளங்கள் வெளுத்தன. வெளுப்பது என்றால் பாசியை இழப்பது, அதாவது பட்டினி. வெளுத்த பின் கூடுதலாக இரைபிடித்துத் தாக்குப்பிடிக்கும் ஓர் இனத்தை ஹவாயில் ஆய்ந்து 2006இல் எழுதினார்கள். யோங் கண்ட அந்தக் கைகள் உயிர்காக்கும் கைகள் என்பது அப்போது தெளிவாயிற்று.

மருமகனுக்குச் சொன்னது இதுதான்: விளக்கணைந்து கைகள் விரிந்தபின், உறைந்த ஆர்ட்டீமியா என்ற சிற்றிறாலைக் கரைத்துக் கொஞ்சமாகக் குழாயால் விடு. மிஞ்சினால் நைத்திரேற்றும் பொசுபேற்றும் ஏறும். பசளை கூடிய வயலில் களை முந்துவதுபோல வேண்டாத பாசி முந்திவிடும்.

இங்கே தொட்டி வைக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பவளம் தோண்டுவதையும் சுடுவதையும் 1988ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் தடைசெய்தது. காயாங்கேணிப் பவளத்திட்டு 2019இல் கடற் சரணாலயமாயிற்று. பாசிக்குடாவிலிருந்து ஒரு துண்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். முகக்கண்ணாடி மாட்டி, அது இருக்கும் இடத்திலேயே போய்ப் பாருங்கள்.