கிரிந்தக் கரையில் எழுந்த வீடுகள்

2004 டிசெம்பர் 26ஆம் நாள் பொங்கியெழுந்த கடல், காரைதீவையும் கல்முனையையும் சூறையாடியதை அறியாதார் இலர். அதே பேரலை, தெற்கே யால வனத்துக்கு அப்பாலுள்ள கிரிந்த என்னும் முஸ்லிம் மீனவர் ஊரையும் அழித்தது. அவ்வூரில் நூறு வீடுகளுக்குத் திட்டம் வகுத்தவர் யப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான்.

சமையலறையும் குளியலறையும் வீட்டினுள்ளேயே இருத்தல் வேண்டும் என்றது அரசு. வாழும் அறைகளோடு அவை ஒட்டியிருத்தலாகாது என்றனர் ஊரார். நேர்மாறான இவ்விரு விருப்பங்களையும் பான் ஒரே கூரையின்கீழ் இணைத்தார். நடுவே கூரையிட்ட முற்றம் ஒன்றை அமைத்து, அதன் ஒருபுறம் கூடத்தையும் படுக்கையறைகளையும், மறுபுறம் அடுக்களையையும் குளியலறையையும் வைத்தார். விருந்தினர் முற்றத்தில் அமர்ந்திருக்க, பெண்கள் வேண்டும்போது கூடத்தினுள் ஒதுங்கிக்கொள்ளலாம். நாற்சார் வீட்டை அறிந்தோர்க்கு முற்றம் புதிதன்று. ஆனால் நாற்சார் முற்றம் வானம் பார்த்தது, இதுவோ கூரை வேய்ந்தது.

சுவர்களுக்கு அழுத்திச் செய்த மண்கற்கள். தடுப்புகளுக்கு உள்நாட்டு இரப்பர் மரம். கட்டியவர்களும் அப்பகுதித் தொழிலாளரே. ஆதலின் கூலியும் அங்கேயே தங்கிற்று. பணி 2007இல் நிறைவெய்தியது. 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் குறும்பட்டியலில் இவ்வீடுகள் இடம்பெற்றன.