பால்மரக் காட்டில் மறுமலர்ச்சி

தாழ்த்தப்பட்டுக் கிடக்கும் ஒரு சமுதாயத்தின் விடுதலை வயிற்றில் தொடங்குமா, உள்ளத்தில் தொடங்குமா என்னும் வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவது. உள்ளத்தில்தான் தொடங்கும் என்று உறுதியாக உரைத்தோருள் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் முன்வரிசையில் நிற்பவர்கள். அவர்கள் கண்ட மறுமலர்ச்சியை வாசகர்க்கு எடுத்துரைக்கப் புகுந்த நாம், பாரீசுக்கும் டாக்காருக்கும் செல்லுமுன் நமது பேராக் மாநிலத்து ஈப்போவில் சற்றுத் தங்கிச் செல்ல வேண்டியவர்களாயிருக்கிறோம். அவர்கள் எழுப்பிய வினாவை, அவர்களுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, நம்மவர் ஈப்போவில் எழுப்பிவிட்டனர்.

1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி, நாகம்மையாருடனும் தோழர்கள் சிலருடனும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கினார். செங்கற்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது அவ்வாண்டு பிப்ரவரியிலேதான். அதன் சூடு ஆறுமுன் ஈப்போவில் தமிழர் மாநாடு கூடிற்று. பெரியார் அதனைத் தொடங்கிவைத்தார். சாதி இழிவும், மூடப்பழக்கமும், பெண்ணடிமையும் தமிழனைக் கடல் கடந்தும் தொடருகின்றன, அவற்றை அவனேதான் அறுத்தெறிய வேண்டும் என்பதே அவர் கொண்டுவந்த செய்தி.

அச்செய்தி விழுந்த நிலம் எத்தகையது? ஈப்போ ஈயத்தால் செழித்த ஊர். அதனைச் சூழ்ந்த பகுதிகளோ பால்மரத்தால் செழித்தவை. 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ஊன்றப்பட்ட ஒன்பது கன்றுகளே இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் முன்னோடிகளுள் அடங்கும். அக்கன்றுகள் காடாயின, காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது, ஆள் பிடிக்கக் கங்காணி ஊருக்குச் சென்றான். தன் ஊராரையும் உறவினரையுமே அவன் பெரும்பாலும் திரட்டி வந்தமையால், ஊரின் சேரியும் தெருவும் மூட்டை முடிச்சோடு கப்பலேறி வந்து தோட்டத்து லயங்களில் குடியேறின. விடியுமுன் பெரட்டு, பின் பால்வெட்டு, மாலையில் கள்ளுக்கடை. காலையில் கொடுத்த கூலியை மாலையில் கள்ளுக்கடையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைத் தோட்ட நிர்வாகமே செய்து வைத்திருந்தது. இத்தகைய கணக்கு எந்தக் கணக்கப்பிள்ளைக்கும் எளிதில் தோன்றாது! பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்திலே பள்ளி வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகை. அதன் ஆசிரியர், வேறு வேலைக்கிடையே பாடஞ்சொல்லும் கிராணியோ கங்காணியோ ஆவர்.

மாநாடு கலைந்த சில மாதங்களில் உலகப் பொருளாதார மந்தம் இந்நாட்டைப் பற்றியது. ரப்பர் விலை வீழ, தொழிலாளர் பல்லாயிரவர் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். தன்மதிப்பைப் பற்றிக் கேட்ட காதுகள், ஆளே வேண்டாமென்ற சொல்லையும் கேட்டன. எனினும் விதைத்தது வீண்போகவில்லை. 1932-இல் சிங்கையில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 ஜூலையில், திருவாரூரிலிருந்து இளமையிலேயே சிங்கை வந்துசேர்ந்த கோ. சாரங்கபாணி "தமிழ் முரசு" ஏட்டைத் தொடங்கினார். விலை ஒரு காசு. ஒருவர் வாங்கிப் பலர் கேட்கும் ஏடு அது. எழுத்தறிந்தவன் ஒருவன் லயத்து வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, சுற்றியிருப்போர் இடையிட்டு வினவுவதும் வாதாடுவதுமே அக்காலத் தோட்டத்தின் வாசகசாலை.

இனிப் பாரீசுக்குச் செல்வோம். அதே 1935-இல்தான் அந்நகரில் கறுப்பின மாணவர் சிலர் "கறுப்பு மாணவன்" என்னும் பொருள்படும் பெயரில் ஓர் ஏடு நடத்தினர். செனகால் நாட்டு லியோபோல்ட் செங்கோர், மார்த்தினிக் தீவின் ஏமே செசேர், பிரெஞ்சுக் கயானாவின் லெயோன் தமாஸ் ஆகிய மூவர் அக்கூட்டத்தின் உயிர் எனலாம். "நீ பிரெஞ்சுக்காரனைப் போலாகிவிட்டால் உன்னை மனிதனாக மதிப்போம்" என்பதே அன்றைய பேரரசின் பேரம். "நாங்கள் நாங்களாகவே மதிப்புடையோம்" என்று இவர்கள் மறுமொழி கூறினர். இழிசொல்லாக வழங்கிய சொல்லையே எடுத்துச் செசேர் "நெக்ரிட்யூட்" என்று பெருமைக்குரிய பெயராக்கினார். 1947-இல் அலியூன் டியோப் "ஆப்பிரிக்காவின் இருப்பு" எனப் பொருள்படும் இதழைத் தொடங்கினார். 1956 செப்டம்பரில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் கறுப்பின எழுத்தாளர் கலைஞர்களின் முதல் மாநாடு கூடிற்று.

இவ்விரு இயக்கங்களையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஒரு வேறுபாடு நம் கண்ணை உறுத்துகிறது. செங்கோரும் செசேரும் பிரெஞ்சு மொழியில் எழுதினர். டாக்கார்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கு அவர் கவிதை எட்டவில்லை. நம்மவரின் ஒரு காசு ஏடோ எழுத்தறியாத் தொழிலாளிக்கும் காதுவழியே சென்றது. இவ்வகையில் சுங்கை சிப்புட்டுத் தோட்டத்தான் பேறு பெற்றவனே. ஆயின் சொல் சென்ற இடத்திற்கு உரிமை செல்லவில்லை.

1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை எண்ணிப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களிடம் முறைகேடாக நடப்போர் மீது நடவடிக்கை, கள்ளுக்கடை மூடல் என்று கோரியவர்கள், துரைமார் எதிரில் மிதிவண்டியைவிட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்றும் கோரினர். மிதிவண்டிக் கோரிக்கையை அற்பமென்று நகைத்தோர் அன்று இருந்திருப்பர். நாம் அதனை அவ்வியக்கத்தின் மிக உயர்ந்த கோரிக்கையாகவே கருதுகிறோம். வயிற்றுக்கும் உள்ளத்துக்கும் இடையே அறிஞர் இட்ட கோட்டைத் தொழிலாளி அழித்துவிட்டான். அரசினர் பட்டாளத்தை அனுப்பினர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் 1947 அக்டோபரில், டாக்காரிலிருந்து நைஜர் ஆறு வரை செல்லும் இருப்புப்பாதைத் தொழிலாளர், வெள்ளையரோடு சம நிலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஐந்து மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்து 1948 மார்ச்சில் பெரும்பகுதி வென்றனர். அவ்வாண்டுகளில் மலாயாவிலும் தொழிற்சங்கங்கள் ஓங்கி நின்றன. இங்கே முடிவு வேறு. 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டொரு நாளில் நாடெங்கும் அவசரகாலம் வந்தது. துப்பாக்கி ஏந்தியவனுக்கும் சங்கக் கொடி ஏந்தியவனுக்கும் வேற்றுமை காணப்படவில்லை. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார்.

அதன்பின் நம்மவரின் ஊக்கமெல்லாம் மொழியின்பால் திரும்பியது. அது திறந்திருந்த கதவு. 1952-இல் சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை திறக்கப்பட்டது. "தமிழ் எங்கள் உயிர்" நிதிக்குத் தொழிலாளரும் தம் வெள்ளிகளை ஈந்தனர். 1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை எழுந்தது. அத்துறையின் தனிநாயகம் அடிகளார் முயற்சியால் 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத்தமிழ் மாநாடு கூடிற்று. துங்கு அப்துல் ரகுமான் தொடங்கிவைத்தார். அதே ஏப்ரலில் டாக்காரில், செனகால் குடியரசுத் தலைவராகிவிட்ட கவிஞர் செங்கோர், கறுப்பினக் கலைகளின் முதல் உலக விழாவை நடத்தினார்.

இரு விழாக்களும் சிறப்புடையவை, அதில் ஐயமில்லை. ஆயினும் டாக்கார் விழாவில் பறையொலி முழங்கிய நாட்களில், செங்கோரின் பழைய தோழரும் முன்னாள் முதலமைச்சருமான மமது தியா 1962 முதல் சிறையிலிருந்தார், 1974-இல்தான் வெளிவந்தார். பண்பாட்டின் பெருமை சனநாயகத்திற்கு ஈடாகாது என்று செனகால் இளைஞர் 1968-இல் தெருவிலிறங்கிக் கூறினர். இங்கோ, மாநாட்டில் தமிழின் தொன்மை ஆராயப்பட்ட அக்காலத்திலேயே தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு வந்தன. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அடுத்து, குடியுரிமை பெறாத தொழிலாளர் பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். குடியுரிமைத் தாள் எழுதிக்கொடுக்க ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எத்தனை குடும்பம் தங்கியிருக்கும்! ஒரு காசு ஏட்டை உரக்கப் படித்த பழக்கம் இதற்கும் பயன்பட்டிருக்கலாகாதா?

இவ்விடத்தில் சுங்கை சிப்புட்டுக்காரரான வீ. தி. சம்பந்தன் செய்ததைக் கூறாமல் விடுதல் நேர்மையன்று. 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தொழிலாளர் பெயரிலேயே வாங்க முற்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் வாங்க அதனால் இயலவில்லை. பிற்காலத்தில் பேராக்கின் பால்மரங்கள் வெட்டுண்டு செம்பனையும் வீடமைப்பும் வந்தபொழுது, லயங்களைவிட்டு வெளியேறியோர் பட்டணத்தோரங்களில் குடிபுகுந்தனர். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் மட்டும் சில இடங்களில் தோட்டமின்றி நிற்கின்றன.

செனகாலில் உஸ்மான் செம்பேன் என்றொருவர் இருந்தார். மார்சேய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இருப்புப்பாதை வேலைநிறுத்தத்தை 1960-இல் நாவலாக்கினார். பிரெஞ்சு மொழியில் எழுதிய அந்நாவலைத் தம் மக்களுள் பெரும்பாலோர் படிக்க இயலாமை கண்டு திரைப்படத்துறையில் புகுந்தார். 1968-இல் அவர் எடுத்த படத்தில் மாந்தர் தம் தாய்மொழியாகிய உவொலோப்பிலே பேசினர். கதையோ, வெளிநாட்டிலிருந்து வந்த பண ஆணை ஒன்றை அடையாளச் சீட்டு இல்லாமையால் மாற்ற இயலாது அலுவலகம் அலுவலகமாக அலையும் ஏழை ஒருவனைப் பற்றியது.