இடுப்பளவு மரம்

தேயிலையைச் செடி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மூணாறு போய் வந்தவர்கள் காட்டுகிற போட்டோக்களிலும் அது இடுப்பளவுப் பச்சைதான். உண்மையில் அது மரம். கத்தி படாமல் விட்டால் அசாம் வகை முப்பது, நாற்பது அடிக்குப் போகும். சீன வகை பத்துப் பதினைந்து அடியில் புதராக நின்றுவிடும். அந்த மரத்தைக் குட்டையாக்கிய வரலாற்றில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் பங்கு உண்டு.

பண்ணைப்புரத்தில் தேயிலை வராது. அதற்குப் புளிப்பு மண் வேண்டும், பி.எச். அளவு 4.5-லிருந்து 5.5-க்குள். மழை நிறையப் பெய்யணும், ஆனால் வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. அடிவாரச் சூட்டில் இதெல்லாம் நடக்காது. ஊருக்கு மேற்கே தெரிகிற மலையைத் தாண்டினால் ஏலக்காடு. வடக்கே போய்ப் போடிமெட்டு வழியாக ஏறினால் தேயிலை. இரண்டுமே தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்து ஆட்கள் கூலிக்குப் போன பாதைகள்.

தேயிலை சீனாவிலிருந்து வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அசாமின் சிங்போ மக்கள் தங்கள் காட்டுத் தேயிலையை அதற்கு முன்பே குடித்து வந்தவர்கள். 1823-ல் ராபர்ட் புரூஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் அவர்கள் வழியாகத்தான் அதைப் பார்த்தார். அவருக்குத் தகவல் சொன்னவர் மணிராம் திவான். பின்னாளில் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் போட்ட அந்த மணிராமை, 1857 கிளர்ச்சியில் சதி செய்தார் என்று 1858-ல் தூக்கில் போட்டார்கள். கண்டுபிடித்தவர் என்ற பெயர் புரூஸுக்குப் போனது.

அது அசல் தேயிலைதான் என்று கம்பெனி அரசு ஒப்புக்கொள்ளவே 1834 டிசம்பர் ஆகிவிட்டது. அப்போதும் காட்டு மரத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை. சீன விதைகளைக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் முளைக்க வைத்து, 42,000 நாற்றுகளைப் பிரித்தார்கள். அசாமுக்கு 20,000, இமயமலைப் பக்கம் 20,000, தெற்கே 2,000. அதில் சில நீலகிரியில் கேத்திப் பண்ணைக்கு வந்தன. தெற்கே வந்ததில் பெரும்பாலும் பட்டுப்போயின. கடைசியில் ஜெயித்தது அவர்கள் நம்பாத நாட்டு மரம்தான். இன்று நம் மலைகளில் நிற்பதில் பெரும்பகுதி அசாம் வகையும் அதன் கலப்பும்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1880-ல் ஏ.எச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். விளைந்ததை வெளியே அனுப்ப வழி நம் பக்கம்தான் இருந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் பெட்டிகள் கோட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து வண்டியில் போடி, பிறகு தூத்துக்குடி, கப்பல். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, 1908-ல் அதைக் குட்டி ரயிலாக மாற்றினார்கள். 1924 வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. தேயிலை இறங்கிய அதே மலையில்தான் ஆட்கள் ஏறினார்கள்.

வளர்க்கிற முறையைப் பார்த்தால் இதன் கணக்கு புரியும். அந்தக் காலத்தில் விதையைத் தண்ணீரில் போடுவார்கள். முங்கினது நாற்றங்காலுக்கு, மிதந்தது ஆகாது. எண்ணெய்ச் சத்துள்ள விதை, நாள் கடத்தினால் முளைக்காது. இப்போது ஒற்றை இலையோடு தண்டை நறுக்கி, பிளாஸ்டிக் பையில் ஊன்றி, ஒரு வருஷம் போல நிழலில் வைக்கிறார்கள். நட்ட பிறகு நடுத்தண்டை வெட்டணும், அப்போதுதான் பக்கக் கிளை விரியும். அப்புறம் நான்கைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து. வெட்டு விழ விழ மரம் பூப்பதை விட்டுத் தளிரிலேயே நிற்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளக் கிள்ள மறுபடி துளிர்க்கும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணோ மழையோ இல்லை, கொழுந்து எடுக்கிற பெண்ணின் கை எட்டுகிற தூரம்தான்.

மரத்துக்கு அளவு வைத்தவர்கள் ஆளுக்கும் வைத்தார்கள். கங்காணி கொடுத்த முன்பணம் கூலியில் கழிந்துகொண்டே இருக்கும். வேலை இருக்கிற வரைக்கும்தான் லயம். ஓய்வு பெற்றால் காலி செய்யணும். அந்த வீட்டுக்காகவே அம்மா விட்ட வேலையை மகள் எடுத்தாள்.

பண்ணைப்புரம் என்றதும் இளையராஜாதான் நினைவுக்கு வருவார். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் மேடைகளின் பாடகர். 1956 மொழிவழிப் பிரிவினையில் தேவிகுளம் கேரளத்தோடு போனது, அங்கே உழைத்த தமிழர்களும் அதனோடு போனார்கள். 1958 இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக பாவலர் அந்தத் தொழிலாளிகளிடம் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். ஊர்க்காரர்கள் கூலிக்கு ஏறிய மலைகளில், அவர்களிடம் ஓட்டுக் கேட்டுப் பாட இந்த ஊர்க்காரர் ஒருவரும் ஏறினார். என்னைப் பொறுத்தவரை, தேயிலை வரலாற்றில் பண்ணைப்புரத்தின் பக்கம் இதுதான்.

2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்து எடுக்கிற பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, போனஸுக்காகத் தாங்களே ரோட்டில் உட்கார்ந்தார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று பேர் வந்தது. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு எழுபது பேரை மூடியது. பெரும்பாலும் தமிழர்கள்.

குமுளி தாண்டிப் பீருமேட்டில், 2000 வாக்கில் முதலாளிகள் கைவிட்ட எஸ்டேட்டுகள் இருக்கின்றன. கவ்வாத்து நின்றதும் தேயிலை மேலே எழும்பி, கைக்கு எட்டாமல், மறுபடி மரமாகிவிட்டது. கூலி நின்ற பிறகும், போக இடமில்லாதவர்கள் அந்த மரங்களுக்கு நடுவில் அதே லயங்களில் இருந்தார்கள்.