லயத்து வீட்டின் ஒப்பனை

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் குடியிருந்த நீண்ட வரிசை வீட்டிற்கு ‘லயம்’ என்பது பெயர். வரிசை எனப் பொருள்படும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழர் நாவில் அவ்வாறு திரிந்து வழங்கலாயிற்று. இசையில் வழங்கும் லயத்திற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயரைக் கேட்டு இனிமையை எதிர்பார்ப்போர் ஏமாந்துதான் போவர்.

இந்நாட்டுத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலைப் பற்றியும் கங்காணியைப் பற்றியும் கூலியைப் பற்றியும் தொழிற்சங்கத்தைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். அத்தொழிலாளர் மாலையில் திரும்பி வந்து உண்டு உறங்கிய வீட்டின் உட்புறம் எவ்வாறிருந்தது என்று நோக்கியோர் சிலரே. அந்தச் சிற்றறையைத் தம் கையாலேயே வெள்ளையடித்து, படம் மாட்டி, திரை தொங்கவிட்டு, வாசலில் செடி வைத்து அழகு செய்துகொண்ட மக்கள், அதற்குச் சொந்தக்காரர் அல்லர். சொந்தமில்லாத வீட்டை ஒருவர் ஏன் அழகுபடுத்த வேண்டும்? எவற்றைக் கொண்டு அழகுபடுத்தினர்? இவ்விரு வினாக்களும் வரலாற்று மாணவர் ஆராய்தற்குரியவை.

பிரேசில் நாட்டுக் கித்தா மரத்தின் கன்றுகள் 22, கியூ தோட்டத்திலிருந்து 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் மேற்குக் கரையோரக் காடுகள் வெட்டப்பட்டுத் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டு முடிவுற்ற பின், கங்காணி முறையே ஆள் சேர்க்கும் பெருவழியாக நின்றது. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்திற்குத் தடை விதிக்கும் வரை தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். வருகின்றவர்களுக்குத் தங்குமிடம் வேண்டுமன்றோ? அதற்காகத் தோட்ட முதலாளிகள் எழுப்பியவையே லயங்கள்.

ஒரே கூரையின்கீழ்ப் பத்து, இருபது அறைகள். தொடக்க காலத்தில் கூரை அத்தாப்பு ஓலை, பின்னர்த் தகரம். சுவர் பலகை. ஈரத்திற்கும் வெள்ளத்திற்கும் அஞ்சித் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய லயங்களும் உண்டு. அவற்றின் அடிப்புறத்தில் விறகும் கோழிக்கூடும் இடம்பெற்றன. அறையின் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி, அல்லது பத்தடிக்குப் பன்னிரண்டடி. இடைச்சுவர் கூரைவரை எட்டாத லயங்களில், ஒரு வீட்டுப் பேச்சு மூன்றாம் வீட்டிற்கும் கேட்கும். முன்புறத்தில் நீண்டோடிய ஒடுங்கிய தாழ்வாரத்தை மக்கள் ‘அஞ்சடி’ என்றனர். நகரத்துக் கடைகளின் முன் உள்ள ஐந்தடி நடைபாதைக்கு வழங்கிய பெயரே தோட்டத்திற்கும் வந்தது போலும். ஊரில் திண்ணை பெற்றிருந்த இடத்தை இங்கே அஞ்சடி பெற்றது.

இந்த வீட்டிற்கு வாடகை இல்லை. வாடகை இன்மையை நிர்வாகத்தின் கொடையென்று கருதுவோர் அதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது; வேலை போனால் வீடும் போகும். துரையின் சினத்திற்கு ஆளானவன் கூலியை மட்டுமா இழந்தான்? கூரையையும் சேர்த்தே இழந்தான். ஆகவே லயத்தில் வாழ்ந்தவர்கள் சுவரோடு சேர்த்துக் கட்டும் எதையும் விரும்பிச் செய்தாரில்லை. அலமாரியை மரத்தில் இழைத்துச் சுவரில் பதித்தல், தரையைத் தம் செலவில் மாற்றுதல் போன்றவை அரிதாகவே நிகழ்ந்தன. அவர்களின் ஒப்பனைப் பொருள்கள் யாவும் ஒரு பொழுதில் கழற்றி ஒரு மூட்டையில் கட்டத்தக்கவை. இதனை நோக்காமல், தோட்டத்து மக்களுக்கு வீட்டை அழகாக வைத்துக்கொள்ளும் நாட்டம் இல்லை என்று கூறுவது பிழையான கூற்றாகும்.

ஒப்பனையில் முதலாவது சுண்ணாம்பு. பூச்சியையும் நோயையும் தடுக்கும் பொருட்டு நிர்வாகமே சில காலங்களில் லயங்களுக்கு வெள்ளையடித்தது. ஆயினும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னர் மக்கள் தாமே அடித்துக்கொண்ட வெள்ளைக்கு நிகராக அது அமையவில்லை. கித்தா விறகு எரிந்த புகை ஓராண்டிற்குள் சுவரைக் கறுப்பாக்கிவிடும். நீற்றிய சுண்ணாம்பைத் தகரத்தில் கரைத்து, துணிக்குப் போடும் நீலத்தைச் சிறிது கலந்தால் வெள்ளைக்கு ஒரு குளிர்ச்சி கிடைக்கும். நீலத்தை மிகுத்தால் சுவர் வானிறம் கொள்ளும். தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கினால் தூரிகை ஆயத்தம். அடுத்தடுத்த இரு வீடுகளின் நீலத்தில் உள்ள சிறு வேறுபாடே இது இன்னார் வீடு, அது இன்னார் வீடு என்று சொல்லிவிடும். இருபது கதவுகளும் ஒன்றுபோல் இருக்கும் கட்டடத்தில் அச்சிறு வேறுபாட்டின் மதிப்பு அங்கு வாழ்ந்தவர்க்கே தெரியும்.

அடுத்து எண்ணத்தக்கது மண்ணெண்ணெய்ப் பெட்டி. மின்சாரம் இல்லாத அந்நாளில் மண்ணெண்ணெய் நான்கு காலன் கொள்ளும் சதுரத் தகரங்களில் அடைக்கப்பட்டு, இரண்டு தகரங்களுக்கு ஒரு மரப்பெட்டியாகக் கப்பலேறி வந்தது. எண்ணெய் தீர்ந்தபின் பெட்டியும் தகரமும் பயனின்றிக் கழிந்ததில்லை. பெட்டியைக் கவிழ்த்தால் மணை; நிமிர்த்திச் சுவரோரம் வைத்தால் ஏனம் அடுக்கும் தட்டு; ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை அடுக்கி முன்னே பழைய சேலைத் துண்டொன்றைத் தொங்கவிட்டால் அதுவே அலமாரி. தகரத்தின் மேல்வாயை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அறைந்தால் தண்ணீர் வாளி. அடியில் துளையிட்டு மண் நிரப்பினால் துளசிக்கும் மல்லிகைக்கும் தொட்டி. வெட்டித் தட்டி விரித்தால் பலகைச் சுவரின் ஓட்டையை அடைக்கும் தகடு. உள்நாட்டுக் கைத்தொழிலைப் பற்றிய நூல்களில் மட்பாண்டமும் பாய்முடைதலும் இடம்பெறுகின்றன. மண்ணெண்ணெய்த் தகரத்தை ஆறேழு பொருளாக மாற்றிய இந்தக் கைத்திறத்திற்கும் அங்கே ஓரிடம் கொடுத்தல் தகும்.

இங்கு மாணவர்க்கு ஓர் ஐயம் எழலாம். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கித்தா மரங்கள் நிற்க, பெட்டிப் பலகையைத் தேடி அலைவானேன்? கித்தா மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகளில் பால் வற்றி வெட்டப்படுவது. அதன் கட்டையில் மாச்சத்து மிகுதி. அதனால் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை படர்ந்து நீலம் பாரிக்கும். வண்டு துளைத்துப் பொடியாக்கும். விறகுக்கன்றி வேறெதற்கும் உதவாத மரம் என்றே அந்நாளில் அது ஒதுக்கப்பட்டது. மருந்தைக் கட்டையினுள் செலுத்திப் பதப்படுத்தும் முறை பரவிய பின்னர், 1980ஆம் ஆண்டுகளில், நிலை தலைகீழாயிற்று. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத்தளவாடங்களில் பெரும்பகுதி கித்தா மரத்தால் ஆனது. தலைமுறை தலைமுறையாக அம்மரத்தைச் சீவியவர்களின் வீட்டில், அம்மரத்தாலான நாற்காலி ஒன்று வந்தமர்வதற்கு நூறாண்டு சென்றது என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

சுவர்களைப் பற்றி விரிவாகவே சொல்லலாம். பலகை இடுக்கில் புகும் காற்றைத் தடுக்க மரவள்ளி மாவைப் பசையாகக் காய்ச்சிப் பழைய செய்தித்தாள்களை ஒட்டினர். 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’, 1935ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகிய இதழ்கள் படித்து முடிந்தபின் இவ்வாறு இரண்டாம் பிறவி எடுத்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. அப்பள்ளிகளில் புத்தகம் அரிது. வீட்டுச் சுவரில் தலைகீழாக ஒட்டிய செய்தியைக் கழுத்தை வளைத்துப் படித்து எழுத்துக் கூட்டப் பழகிய சிறுவரும் இருந்திருத்தல் கூடும்.

தாளின்மேல் படங்கள் ஏறின. இரவிவர்மா 1894ஆம் ஆண்டு பம்பாயில் அச்சகம் நிறுவியது முதல் தெய்வப் படங்கள் ஏழையின் கைக்கும் எட்டின. பின்னாளில் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் அவர்தம் மாணவரும் தீட்டிய முருகனும் இலக்குமியும் சிவகாசி நாள்காட்டிகளில் அச்சேறிக் கடல் கடந்து வந்தனர். பட்டணத்து மளிகைக் கடைக்காரர் ஆண்டுக்கொரு முறை கொடுக்கும் நாள்காட்டியே பல வீடுகளின் பூசை மாடம். ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்வர். ஆகவே லயத்துச் சுவரில் தெய்வங்கள் ஆண்டுதோறும் பெருகினவேயன்றிக் குறைந்ததில்லை.

தெய்வங்களின் அருகே மனிதரும் வந்தனர். காந்தியடிகள் படம் எங்கும் இருந்தது. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவிற்கு வந்து சென்றபின் சுயமரியாதைக் கொள்கை தோட்டங்களிலும் வேர்விட்டது. சில வீடுகளில் சாமி படம் இறங்கி அவர் படம் ஏறிற்று. சப்பானியர் ஆட்சியில், 1943ஆம் ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். இந்தியத் தேசியப் படையில் தோட்டத்து ஆண்களும் பெண்களும் சேர்ந்தனர். படையுடை தரித்த நேதாஜியின் படம் அதன்பின் பல்லாண்டுகள் லயங்களில் தொங்கியது. 1957க்குப் பின் துங்குவின் படமும், 1965ஆம் ஆண்டு வருகைக்குப் பின் அண்ணாவின் படமும் இடம்பெற்றன. திரைப்பட நடிகர்களைச் சொல்லத் தேவையில்லை. பத்தடிச் சுவரொன்றை இடமிருந்து வலமாகப் பார்த்தால் அரை நூற்றாண்டு அரசியலைப் படித்துவிடலாம். தன் கருத்தைத் துரையிடம் வாய்விட்டுச் சொல்ல இயலாதவன், அதனைச் சுவரில் மாட்டி வைத்தான்.

இடையில் வந்த துன்பங்கள் இரண்டு. சப்பானியர் காலத்தில் துணியே கிடைக்கவில்லை. சாக்கை உடுத்தவர்கள் திரைக்கு எங்கே போவர்? அடுத்து 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம். 1950ஆம் ஆண்டின் பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரக் குடியிருப்புகள் ஒன்றுசேர்க்கப்பட்டபோது தோட்ட லயங்களும் தப்பவில்லை. சிதறிக் கிடந்த வீடுகள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. மக்கள் படங்களைக் கழற்றிக்கொண்டு போய்ப் புது இடத்தில் மீண்டும் மாட்டினர்.

விடுதலைக்குப் பிந்திய ஒப்பனை பெண்களின் கைவண்ணம் எனலாம். வானொலிப் பெட்டிக்கு நூற்பின்னல் உறை, தலையணையில் பூத்தையல், ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைத்த போர்வை எனப் பலவும் தோன்றின. இவற்றுள் தனித்துச் சொல்லத்தக்கது நாள்காட்டித் தாளால் செய்த கதவுத் திரை. வழவழப்பான தாளை நீண்ட முக்கோணங்களாக நறுக்கி, தாள்பிடிக் கம்பியின்மேல் இறுகச் சுருட்டி, கம்பிகளை ஒன்றோடொன்று கோத்துச் சரமாகத் தொங்கவிடுவர். ஒரு கதவிற்கு ஆயிரக்கணக்கான மணிகள் வேண்டும். அதிகாலை பிரட்டுக்குப் போய்ப் பால் வெட்டிவிட்டுத் திரும்பும் பெண், பிள்ளைகளையும் துணைக்கமர்த்திக்கொண்டு மாதக் கணக்கில் சுருட்டிய உழைப்பு அது. தமிழ்ப்பள்ளிக் கைவேலைப் பாடத்தில் பழகிய சுருட்டலும் ஒட்டலும் இங்கே கைகொடுத்தன. அறையை இரண்டாகத் தடுக்கச் சுவரில்லாத வீட்டில், மணமான மகனுக்கும் மருமகளுக்கும் அந்தச் சேலைத் திரையும் மணித் திரையும் தந்த மறைப்பை வெறும் அழகென்று கொள்ளலாகாது.

தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த அளவு வசதியை வரையறுக்கும் சட்டம் 1966ஆம் ஆண்டு வந்தது. தனித்தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் மெல்லப் பெருகின. 1963ஆம் ஆண்டு இறுதியில் நாட்டில் தொடங்கிய தொலைக்காட்சி, தோட்டங்களுக்கும் வந்து கூடத்தின் நடுவிடத்தைப் பிடித்துக்கொண்டது. தீபாவளிக்குத் தரையில் புதிய பிளாஸ்டிக் ‘தீக்கார்’ விரிப்பது வழக்கமாயிற்று. வீடு திருந்திற்று, உரிமை திருந்தவில்லை. 1950ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதே குடும்பங்கள் வீடிழந்தன. அதனைத் தடுக்கவே 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 1969ஆம் ஆண்டு குடியுரிமையில்லாதோர்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, உரிமம் பெற இயலாதோர் பலர் தமிழகம் திரும்பினர். 1926 முதல் ஓடிக்கொண்டிருந்த ‘ரஜுலா’ கப்பல் 1970களின் முற்பகுதிவரை இரு கரைகளையும் இணைத்தது. லயத்து வீட்டில் விரிப்புப் போர்த்தி இருக்கையாகவும் மேசையாகவும் பயன்பட்ட தகர டிரங்குப் பெட்டி, அன்று தான் பிறந்த காரியத்திற்கே மீண்டது.

அதன்பின் தோட்டங்கள் செம்பனைக்கும், வீடமைப்புப் பகுதிகளுக்கும், சாலைகளுக்கும் இடம்விட்டன. ஐம்பதாண்டு வாழ்ந்த வீட்டைக் காலி செய்தவர்களுள் பலர் நகரோரத்து மலிவுவிலை அடுக்குமாடிகளில் குடியேறினர். சிலருக்கு அதுவே தம் பெயரில் பத்திரம் பெற்ற முதல் வீடு. அங்கே சுவரில் ஆணி அறைய எவரையும் கேட்க வேண்டியதில்லை. பெரியவர்கள் முதலில் மாட்டியது பழைய நாள்காட்டி முருகனைத்தான். ஐந்தாம் மாடி நடைவழியில் வண்ணப்பூச்சு வாளிகளில் துளசியும் கறிவேப்பிலையும் வளர்கின்றன; அந்த நடைவழியை அவர்கள் இன்னும் அஞ்சடி என்றே அழைக்கின்றனர்.