குல்மார்க் பனிச்சறுக்குத் தளம்

குல்மார்க் என்பது இந்தியாவின் ஜம்மு காஷ்மீர் ஒன்றியப் பகுதியில், பாரமுல்லா மாவட்டத்தில், பிர் பாஞ்சல் மலைத்தொடரின் மடியில் அமைந்துள்ள மலைவாழிடமும் பனிச்சறுக்குத் தளமும் ஆகும். இது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஸ்ரீநகரிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் சாலைத் தொலைவில் இருக்கிறது. கோடையில் புல்வெளியாகவும் குழிப்பந்தாட்டத் திடலாகவும் விளங்கும் இவ்விடம், டிசம்பர் முதல் மார்ச் வரை பனியால் மூடப்பட்டுச் சறுக்குக்களமாக மாறுகிறது.

குல்மார்க் இரு வேறு தன்மையுடைய பகுதிகளைக் கொண்டது. ஊரைச் சுற்றியுள்ள மென்சரிவுகள் குழந்தைகளுக்கும் புதிதாகக் கற்போருக்கும் ஏற்றவை. அபர்வத் மலையின் உயர்சரிவுகள் தேர்ந்த சறுக்குநர்களுக்கு மட்டுமே உரியவை. பனி குறைந்த ஆண்டுகளில் முதலில் வெறுமையாவது தாழ்வான மென்சரிவுகளே. பனி நீடித்து நிற்கும் உயர்சரிவுகளிலோ பனிச்சரிவு அபாயம் உண்டு. ஆகவே குடும்பத்துடன் இங்குச் செல்வோருக்குப் பனிநிலையை அறிதல் இன்றியமையாதது.

பெயர்க்காரணம்

இவ்விடம் முற்காலத்தில் கௌரிமார்க் என அழைக்கப்பட்டதாகவும், 16ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் இதற்குக் குல்மார்க் எனப் பெயரிட்டதாகவும் கூறப்படுகிறது. 'குல்' என்பது மலரையும் 'மார்க்' என்பது புல்வெளியையும் குறிக்கும். எனவே குல்மார்க் என்பதற்கு 'மலர்ப் புல்வெளி' என்பது பொருளாகும்.

பனி, உறைபனி, வெண்பனி

தமிழ்நாட்டுச் சமவெளியில் 'பனி' என்னும் சொல் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் படியும் நீர்த்துளிகளையும் மூடுபனியையும் குறிக்கிறது. உதகமண்டலம் போன்ற மலையூர்களில் குளிர்கால இரவுகளில் புல்லின் மீது வெள்ளையாகப் படிவது உறைபனி ஆகும். இது காற்றிலுள்ள நீராவி தரையை ஒட்டி உறைவதால் உண்டாவது, வானிலிருந்து பெய்வதன்று. மேகத்திலேயே நீராவி படிகங்களாக உறைந்து, உருகாமல் தரையை அடைவது வெண்பனி ஆகும். பனிச்சறுக்குக்குத் தேவைப்படுவது வெண்பனியே. இக்கட்டுரையில் பனி என்னும் சொல் வெண்பனியையே குறிக்கிறது.

பனிப்பொழிவின் காரணங்கள்

நீலகிரியின் தொட்டபெட்டா மலைமுடி 2,637 மீட்டர் உயரமுடையது. குல்மார்க்கும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் உள்ளது. எனினும் தொட்டபெட்டாவில் பனி பெய்து குவிவதில்லை. இதற்கு முதற்காரணம் அகலாங்கு ஆகும். தொட்டபெட்டா நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையிலும், குல்மார்க் 34 பாகையிலும் அமைந்துள்ளன. குல்மார்க்கில் குளிர்காலப் பகற்பொழுது குறுகியது. கதிரொளியும் சாய்வாகவே விழுகிறது. சனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குப் பல பாகை கீழே செல்கிறது.

இரண்டாவது காரணம் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் வானிலை அமைப்புகள் ஆகும். இவை மத்தியதரைக்கடல் பகுதியில் தோன்றி, உயர்வளிமண்டலத்தின் மேலைக்காற்றால் கிழக்கு நோக்கி இழுத்துவரப்படுகின்றன. ஈரக்காற்று மலைத்தொடரில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, பனியாகப் பெய்கிறது. தமிழ்நாட்டின் கிழக்கு மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கியிருப்பது போல, காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு குளிர்காலத்தில் இவ்விடையூறுகளை எதிர்நோக்கியிருக்கிறது.

காஷ்மீர் மக்கள் கடுங்குளிர்க் காலத்தை மூன்றாகப் பகுப்பர். டிசம்பர் 21 அளவில் தொடங்கும் 40 நாட்கள் 'சில்லை கலான்' எனவும், அடுத்த 20 நாட்கள் 'சில்லை குர்த்' எனவும், இறுதி 10 நாட்கள் 'சில்லை பச்சா' எனவும் அழைக்கப்படுகின்றன. சில்லை கலானில் விழும் பனி கடுங்குளிரில் இறுகி நெடுநாள் நிலைக்கும். பிந்திப் பெய்யும் பனி விரைவில் உருகிவிடும்.

வரலாறு

ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் குல்மார்க் கோடை ஓய்விடமாக வளர்ந்தது. இங்குள்ள புனித மரியாள் தேவாலயம் 1902ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 1927ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை அலுவலர்கள் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தை இங்குத் தொடங்கினர். விடுதலைக்குப் பின், 1948ஆம் ஆண்டில் இந்தியத் தரைப்படை இங்கு ஒரு பனிச்சறுக்குப் பயிற்சிப் பள்ளியை நிறுவியது. அதுவே பின்னர் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. பொதுமக்களுக்குப் பயிற்சி அளிக்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் 1968ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

1990களில் நிலவிய ஆயுத மோதல்களால் சுற்றுலாப் பயணிகளின் வரவு குன்றியது. கம்பிவட ஊர்தித் திட்டமும் தடைப்பட்டது. கோண்டோலா என வழங்கும் இவ்வூர்தியின் முதற்கட்டம் 1998ஆம் ஆண்டிலும், இரண்டாம் கட்டம் 2005ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் முதன்முதலில் 2020ஆம் ஆண்டில் நடத்தப்பட்டபோது குல்மார்க்கில் பனிப் போட்டிகள் நடைபெற்றன. இப்பகுதியைச் சேர்ந்த ஆரிப் கான், பெய்ஜிங்கில் 2022ஆம் ஆண்டில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரர் ஆவார்.

சறுக்குப் பகுதிகள்

குல்மார்க்கின் சறுக்குப் பகுதிகளை உயரத்தின் அடிப்படையில் மூன்றாகப் பிரிக்கலாம்.

ஊர்ப்புறச் சரிவுகள்: இவை ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் குழிப்பந்தாட்டத் திடலை ஒட்டி அமைந்தவை. சறுக்குநரைக் கம்பியால் இழுத்து மேலேற்றும் குட்டையான இழுவைகள் இங்குள்ளன. சரிவு மென்மையானது, அடிப்பகுதியில் சமதரை உள்ளதால், நிறுத்தத் தெரியாதவரும் தாமாகவே நின்றுவிடுவர். சறுக்காதவர்கள் உள்ளூர்த் தொழிலாளர் இழுத்துச் செல்லும் மரச் சறுக்குவண்டிகளில் அமர்ந்து செல்வதும் இங்குதான்.

கொங்டூரி: கோண்டோலாவின் முதற்கட்டம் சென்றடையும் இவ்விடம் 3,000 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் உள்ளது. இங்கிருந்து தேவதாரு, பைன் மரங்களுக்கிடையே ஊரை நோக்கி இறங்கும் தடங்கள் இடைநிலைப் பயிற்சி பெற்றோருக்கு உரியவை. சறுக்காத பார்வையாளர்களும் இதுவரை சென்று பனிவெளியைக் கண்டு திரும்பலாம்.

அபர்வத்: இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை செல்கிறது. இங்கு மரங்கள் இல்லை. பெரும்பகுதி சமப்படுத்தப்படாத இயற்கைச் சரிவாகும். நெஞ்சளவு ஆழத் தூள்பனியை நாடி உலகின் பல நாடுகளிலிருந்தும் தேர்ந்த சறுக்குநர்கள் இங்கு வருகின்றனர். பலத்த காற்று வீசும்போதும் பனிச்சரிவு அபாயம் மிகும்போதும் இக்கட்டம் நிறுத்தப்படும். 2017 சூன் 25 அன்று, பலத்த காற்றில் மரம் ஒன்று கம்பிவடத்தின் மீது விழுந்ததால் ஊர்திப்பெட்டி கீழே விழுந்து 7 பேர் உயிரிழந்தனர்.

பனியின் நிலைகள்

ஒரே சரிவு காலையிலும் மாலையிலும் வெவ்வேறு தன்மை உடையதாக இருக்கும். பனியின் முக்கிய நிலைகள் பின்வருமாறு:

- தூள்பனி: புதிதாகப் பெய்த, ஈரமற்ற, இலேசான பனி. விழுந்தால் அடி குறைவு. ஆயினும் ஆழமான தூள்பனியில் கற்போரால் திரும்ப இயலாது.
- இறுக்கிய பனி: ஊர்திகளால் அழுத்திச் சமன்செய்யப்பட்டது. கற்போருக்கும் குழந்தைகளுக்கும் மிகவும் ஏற்றது.
- ஓட்டுப்பனி: பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்து, மேற்பரப்பில் ஓடு போல் கடினமானது. அதிகாலையில் வழுக்கல் மிகுதி.
- ஈரப்பனி: வெயிலில் உருகிக் கூழ் போலானது. பலகைகள் சிக்கிக்கொள்வதால் முழங்கால் பிசகும் வாய்ப்பு உண்டு. பிப்ரவரி இறுதி முதல் பிற்பகல்களில் மிகுதியாகக் காணப்படும்.

குளிர்ந்த நாட்களில் வெயில் ஏறிய பின்னரும், வெப்பமான நாட்களில் முற்பகலிலும் சறுக்குவது கற்போருக்கு நன்று. அறிக்கைகளில் குறிக்கப்படும் பனியின் ஆழம் எவ்விடத்தில் அளக்கப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். அபர்வத்தில் 2 மீட்டர் பனி இருக்கும் நாளில் ஊர்ப்புறச் சரிவில் புல் தலைகாட்டுவதும் உண்டு.

குறைந்துவரும் நம்பகத்தன்மை

2023-24 குளிர்காலத்தில் மேற்கத்திய இடையூறுகள் வலுவின்றி இருந்ததால், 2024 சனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க் பனியின்றிப் பழுப்பு நிறப் புல்வெளியாகவே காட்சியளித்தது. மாத இறுதியில்தான் பனி பெய்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் நடைபெறவிருந்த கேலோ இந்தியா போட்டிகள் அம்மாதத்தின் பிற்பகுதிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. 2025ஆம் ஆண்டிலும் போதிய பனி இல்லாததால், பிப்ரவரியில் திட்டமிடப்பட்ட போட்டிகள் மார்ச் மாதத்தில் நடத்தப்பட்டன.

வெப்பநிலை சற்றே உயர்ந்தாலும் தாழ்வான சரிவுகளில் பனிக்குப் பதிலாக மழை பெய்துவிடும். பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு குறைகிறது. எனவே ஊரில் மழை பெய்யும்போது அபர்வத்தில் பனி பெய்யக்கூடும். இதனால் முதலில் இழப்புக்கு உள்ளாவோர் கற்போரும், அவர்களுக்குக் கற்பிக்கும் பயிற்றுநர்களும், சறுக்குவண்டித் தொழிலாளர்களும் ஆவர்.

பனியின் பயன் சறுக்குவிளையாட்டோடு முடிவதன்று. சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்கள் பருவமழை நீரைத் தேக்கிவைத்துப் பின்னர் வயலுக்கு வழங்குவது போல, மலைமேல் குவிந்த பனி குளிர்கால நீரைத் தேக்கிவைத்துக் கோடையில் மெல்ல வழங்குகிறது. அபர்வத்தின் உருகுநீரைக் கொண்டுவரும் நிங்லி ஓடை ஜீலம் ஆற்றில் கலக்கிறது. பள்ளத்தாக்கின் நெல்வயல்களும் ஆப்பிள் தோட்டங்களும் இத்தகைய உருகுநீரையே பெரிதும் சார்ந்துள்ளன.

பனிச்சரிவு அபாயம்

மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் படிந்த பனியின் ஓர் அடுக்கு பிடிப்பை இழந்து திடீரெனக் கீழிறங்குவது பனிச்சரிவு ஆகும். 30 முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்களில் இது மிகுதியாக நிகழ்கிறது. பெரும்பனி பெய்த அடுத்த ஓரிரு நாட்கள் மிகவும் அபாயமானவை. வானம் தெளிந்து, சறுக்குவதற்கு ஏற்றதாகத் தோன்றும் நாளும் அதுவே.

2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில், உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி பெற்றுவந்த 17 படைவீரர்கள் உயிரிழந்தனர். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டினர் இருவரும், 2024 பிப்ரவரியில் உருசிய நாட்டவர் ஒருவரும் அபர்வத் பகுதிப் பனிச்சரிவுகளில் இறந்தனர்.

புதையுண்டவரை முதல் 10 முதல் 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அவ்வாய்ப்பு விரைந்து குறைகிறது. ஆகையால், தடத்திற்கு வெளியே செல்வோர் ஒவ்வொருவரும் சமிக்கைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் வைத்திருப்பதோடு அவற்றைக் கையாளவும் அறிந்திருக்க வேண்டும். தடுப்புக் கயிற்றைத் தாண்டிச் செல்லும் முன்தடங்களைக் கண்டு அவ்வழி பாதுகாப்பானது எனக் கொள்ளலாகாது.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

- காரைக்குடி போன்ற சமவெளி ஊர்களிலிருந்து செல்வோர், முதல் நாளில் கடும் உழைப்பைத் தவிர்த்து உடலை உயரத்திற்குப் பழக்க வேண்டும். தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு ஆகியவை மிகுந்தால் மேலே செல்லாது கீழிறங்க வேண்டும்.
- குழந்தைகள் பொதுவாக 4 அல்லது 5 வயது முதல் கற்கத் தொடங்கலாம். கற்போரின் பலகை, நிறுத்திவைத்தால் மோவாய் அளவுக்கு மேற்படாதிருத்தல் நன்று.
- முதலில் கற்க வேண்டியது நிறுத்துதலே. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் குறையும்.
- காலணி குதிகாலை இறுகப் பற்ற வேண்டும். கணுக்கால் அசையும் காலணியோடு சறுக்கலாகாது. தலைக்கவசம் அனைவருக்கும் தேவை.
- பருத்தி ஆடை நனைந்தால் உலராது உடலைக் குளிரச் செய்யும். உட்புறம் கம்பளி அல்லது செயற்கை இழை ஆடையும், வெளிப்புறம் நீர்புகா ஆடையும் அணிதல் வேண்டும்.
- புதிய பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை எதிரொளிக்கும். மேகமூட்டமான நாளிலும் கறுப்புக்கண்ணாடி தேவை.
- பன்னாட்டுச் சறுக்கு விதிகளின்படி, கீழே முன்னே செல்பவருக்கே வழியுரிமை உண்டு. மேலிருந்து வருபவரே விலகிச் செல்ல வேண்டும்.
- பயிற்றுநர், இழுவை, வாடகைப் பலகை ஆகியவற்றின் கட்டணங்களை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நன்று.

போக்குவரத்து

அருகிலுள்ள வானூர்தி நிலையம் ஸ்ரீநகரில் உள்ளது. 2025 சூன் மாதத்தில் கத்ரா - ஸ்ரீநகர் தொடருந்துப் போக்குவரத்து தொடங்கப்பட்டதால், தொடருந்திலும் பள்ளத்தாக்கை அடையலாம். மலையடிவாரத்திலுள்ள தங்மார்க்கிலிருந்து குல்மார்க் வரையிலான ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மலைப்பாதையில், பனிக்காலத்தில் சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டிய ஊர்திகளோ நாற்சக்கர இயக்க ஊர்திகளோ தேவைப்படும்.

இந்தியாவின் பிற பனிச்சறுக்கு இடங்கள்

உத்தராகண்ட் மாநிலத்தின் அவுலியும் இமாச்சலப் பிரதேசத்தின் சோலங் பள்ளத்தாக்கும் குறிப்பிடத்தக்கவை. 2011ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளுக்காக அவுலியில் செயற்கைப் பனி உண்டாக்கும் பொறிகள் நிறுவப்பட்டன. இப்பொறிகள் நீரைத் திவலைகளாகத் தெளித்து உறையச் செய்வன. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருந்தால்தான் நன்கு இயங்கும். பனி பொய்க்கும் ஆண்டுகள் பெரும்பாலும் வெப்பமான ஆண்டுகளாகவும் இருப்பதால், பொறிகளால் மட்டும் பனிக்குறையை ஈடுசெய்ய இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

- பிர் பாஞ்சல் மலைத்தொடர்
- மேற்கத்திய இடையூறு
- பனிச்சரிவு
- ஜீலம் ஆறு
- அவுலி