அரசுத் தளத்தில் யார் கண்?

மாதனூரில் பட்டா நகல் எடுக்க இ-சேவை மையத்தில் நின்றபோது பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "சார், கவர்ன்மென்ட் வெப்சைட்டுக்குப் போனா நம்மள வேற யாராவது கவனிப்பாங்களா?"

"அதுக்கு வழி இருக்கு தம்பி" என்றேன்.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி உருவாக்கியது 'குக்கி'. வந்தவரை நினைவில் வைக்க, இணையதளம் நம் கணினியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு அது. பிறகு விளம்பர நிறுவனங்கள் அதைக் கொண்டே ஆளைப் பின்தொடர ஆரம்பித்தன.

2000 ஜூனில், அமெரிக்க வெள்ளை மாளிகையின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகத் தளங்களுக்கு வந்தவர்களுக்கும் இப்படிக் குக்கி வைத்தது வெளியே தெரிந்தது. உடனே அரசுத் தளங்களில் குக்கிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆனாலும் 2019-இல் குக்கிபாட் நிறுவனம் ஆராய்ந்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தின் 28 நாடுகளில் 25 நாடுகளின் அரசுத் தளங்களில் விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்கள் இருந்தன.

நம் நாட்டில், ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

ஒரு கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். பட்டாவுக்கு வேறு எங்கே போவது? அதனால்தான் சொல்கிறேன், அரசுத் தளத்தில் மூன்றாம் ஆளுக்கு வேலை இல்லை.